ஹைலி காம்போசிட் நம்பர்: ‘மிகு பகு எண்’ வேண்டாம், ‘காரணி விஞ்செண்’ சரிப்படுமா?

ஐயாவுக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் கொண்ட எண்ணைத்தான் ஆங்கிலத்தில் ஹைலி காம்போசிட் நம்பர் என்கிறார்கள். அதற்கான தமிழ்ப் பெயர் பற்றி ஐயா எழுதியதற்கு என் பதில் இது.

> ‘மிகு பகு எண்’ போதுமே. காம்போசிட் என்றால் பகு எண் என்று பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஐயா, போன வாரம் வரை நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். இங்கே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாலையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் கொலுசுப் பட்டறை. ஒரு மாணவி, கழித்துப்போட்ட சலங்கை மணிகளை டப்பாவில் கொண்டுவந்தாள். தரையில் 24 மணியைப் பரப்பினோம். ஒரே வரிசையாக வைக்கலாம். இரண்டு வரிசை என்றால் பன்னிரண்டு, மூன்று என்றால் எட்டு, நான்கு என்றால் ஆறு. எதிலும் மிச்சம் விழவில்லை. ஒரு மணியை எடுத்து 23 ஆக்கினோம். ஒற்றை வரிசையைத் தவிர வேறெதற்கும் மசியவில்லை.

24-க்கு 8 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 30-க்கும் எட்டுதான், 24-ஐ அது மிஞ்சவில்லை என்பதால் இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பட்டியலைப் பலகையில் எழுதினேன்: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120. உடனே அவள், “சார், 2 பகா எண்ணாச்சே, அது எப்படி மிகு பகு எண் ஆகும்?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. 1-ஓ பகுவும் இல்லை, பகாவும் இல்லை. ஆங்கிலப் பெயரில் இருக்கிற பிசகை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

‘மிகு’வும் இடிக்கிறது. 12-இன் காரணிகளில் 12-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 12-ஐயே தாண்டி 16 வருகிறதே, அந்த வகை எண்ணை நம்மில் பலர் ‘மிகை எண்’ என்று எழுதுகிறோம். மிகு, மிகை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

> ‘முந்தெண்’?

நல்ல ஓசை. ஆனால் 24-க்கு முன்னி, அதாவது முந்தைய எண், 23 என்று படித்த பிள்ளை, முந்தெண்ணையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் ‘விஞ்சு’ என்ற வினைக்கு வந்தேன். இதில் அவனை விஞ்ச ஆளில்லை என்று தினமும் பேசுகிறோம். விஞ்சு + எண் = விஞ்செண். எதில் விஞ்சுகிறது என்பது தெரிய, முன்னால் காரணி. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சுவது காரணி விஞ்செண். வரையறையே பெயருக்குள் வந்துவிடுகிறது. 2-உம் உறுத்தாது.

இந்த எண்களை ஆராய்ந்து 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதியவர் பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். அவர் கொடுத்த 102 எண்களில் கடைசி 67,46,32,83,88,800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி! அதைப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 32 (ஒரே முறை வரும் ஐந்து எண்களுக்கும் சேர்த்து 2 × 2 × 2 × 2 × 2 = 32). மொத்தம் 10,080 காரணிகள்.

ராமானுஜனின் பட்டியலைப் பாடக்குறிப்பில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5,040 காரணிகள் கொண்ட 2,93,31,86,25,600 அதில் விடுபட்டிருக்கிறது. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், அவருடைய அந்தக் கடைசி எண்ணே வந்து நிற்கும். நேற்றிரவு கையாலேயே பெருக்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா, ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இவற்றுள்ளேயே 2, 6, 12, 60, 120, 360, 2520 என்று போகும் உட்பிரிவுக்கு, எண்ணின் அளவை ஈடுகட்டிப் பார்த்தாலும் விஞ்சி நிற்பவற்றுக்கு, ‘முற்றுவிஞ்செண்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘தலைவிஞ்செண்’ இதைவிடப் பொருந்துமா? நீங்கள் சொல்லுங்கள்.