பழைய ஸ்போர்ட்ஸ் கார் மராமத்து: உங்கள் கையைக் கடித்தது எது?

அபிங்டன்72 (லெஸ்டர்)

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி வைத்திருப்பவர்களுக்குச் சில் (கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புப் பெட்டி) பற்றி விளக்க வேண்டியதில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். 1972 ரோட்ஸ்டர், குரோம் பம்பர், 6,500 பவுண்டு. விற்றவர் ஒரு கோப்பு நிறைய ரசீதுகளும் படங்களும் காட்டினார். சில் எல்லாம் புதிது என்றார். காந்தம் வைத்துப் பார்த்தேன், நன்றாகவே பிடித்தது.

பட்டறையில் இடப்பக்கச் சில்லுக்கு அடியில் இருந்த கருப்புப் பூச்சைச் சுரண்டினார்கள். பட்டி பாளம் பாளமாக உதிர்ந்தது. அதற்கும் கீழே வரிசையாக ரிவெட். வெல்டர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார், ஒரு தகடு பிரிந்து தொங்கியது. அதன் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து என்னிடம் காட்டினார். சிவப்பு ரோஜாப் பூக்கள், தங்க நிற ஓரம். பிஸ்கெட் டப்பாவின் மூடி. அதுவும் இரும்புத் தகரம்தானே, காந்தம் ஏன் பிடிக்காது?

மூடிக்குப் பின்னால் உள்சில்லும் இல்லை, நடுத் தகடும் இல்லை, அடியில் தாங்கும் கேசில் ரெயிலும் இல்லை. வெறும் துருப்பொடி. இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்கு இருந்ததுபோல் எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பேதான் சேசிஸ். கூரையும் இல்லாத வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது இந்தப் பெட்டிகள்தான். அந்த மூடியை நம்பி என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எம்1 நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் போயிருக்கிறேன். பணத்தைவிட இதுதான் இன்றுவரை என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பணக் கணக்கும் சொல்கிறேன். தகடுகளின் விலை பெரிதில்லை, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் சில நூறு பவுண்டில் அடங்கிவிடும். கூலிதான் ஆளை விழுங்குகிறது. மணிக்கு 60 பவுண்டு, அதன்மேல் 20 சதவீதம் வாட். வெட்டும்போது உடம்பு வளையாமல் இருக்கக் கதவு வாசலில் குறுக்குக் கம்பி பற்றவைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடலாம். 4,000 என்று தொடங்கிய மதிப்பீடு 11,000இல் வந்து நின்றது. பெயிண்ட் தனி.

பிரிட்டனில் 40 வயது தாண்டிய பெரும்பாலான வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர்கள் யாரும் வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கவைக்கவில்லை. ரிவெட் அடித்தவன் யார் என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

கொக்குவில்_ஸ்பிட்ஃபயர் (டொராண்டோ)

அண்ணா, உங்கள் மூடியைப் பற்றி வாசித்ததும் என் ட்ரனியன் (முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் புரி சுழலும் அடிமூட்டு) நினைவுக்கு வந்துவிட்டது.

1977 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. ஸ்கார்பரோவில் ஒரு கடையின் வாகனத் தரிப்பிடம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம். வண்டி வலப்பக்கம் குந்திவிட்டது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது, பொனெட் ஓரம் நசுங்கியிருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்கு மூக்கும் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து ஒரே பொனெட் என்பது உங்களுக்குத் தெரியும். ஓரம் நசுங்கினாலும் முழுவதையும் இறக்கித்தான் வேலை பார்க்க வேண்டும்.

என் மாமா யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் ஏ40 கார் வாடகைக்கு ஓட்டியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயிலேயே அந்தக் காரை ஓட்டிப் பிழைத்தவர். முறிந்த துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முறிவின் ஒரு பாதி மண்ணிறம், மறுபாதி வெள்ளிபோலப் பளபளப்பு. "இது இன்றைக்கு முறிந்தது இல்லை, தம்பி. கனநாளாகப் பாதி முறிந்தபடி ஓடியிருக்கிறது" என்றார்.

எனக்கு முன் வைத்திருந்தவர், ட்ரனியனில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கிறது என்று கிரீஸ் அடித்திருக்கிறார். அங்கே போக வேண்டியது கியர் ஆயில், ஈபி90. கிரீஸ் புரிக்குள் முழுக்க இறங்காது. தண்ணீர் தங்கும், உள்ளே இருந்தபடியே இரும்பு அரிக்கும். ஒன்டாரியோவில் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பைச் சொல்லவே வேண்டாம். ஒரு போத்தல் கியர் ஆயிலுக்கு நான் கொடுப்பது இருபது டொலருக்குள். பொனெட்டுக்கும் பெயிண்டுக்கும் கொடுத்தது 5,000க்கு மேல். அதே சக்கரம் 401 நெடுஞ்சாலையில் மடங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வண்டலூர்_ஹெரால்டு (சென்னை)

ஸ்போர்ட்ஸ் கார் பேச்சில் நான்கு கதவுக் குடும்பக் காரைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஆனால் ஸ்பிட்ஃபயர் என்பதே ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, அதன்மேல் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வடிவமைத்த உடம்பை ஏற்றிய வண்டிதான். கொக்குவில் சொல்லும் அதே ட்ரனியன் என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இருக்கிறது. சென்னையில் அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்குக் கியர் ஆயில் விஷயம் அத்துப்படி.

என் சிக்கல் வேறு. நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டுமே தயாரானது. முன்பக்கத்துக்கு வேண்டியதை இங்கிலாந்திலிருந்து வரவழைத்துவிடலாம், கூரியரும் சுங்கவரியும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டினாலும் கிடைத்துவிடும். பின்கதவுத் தகட்டை உலகில் யாரிடமும் கேட்க முடியாது. கையால் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் விசாரித்து ஒரு பெரியவரைப் பிடித்தேன். எழுபது வயதுக்கு மேல். மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் அடித்து, அடிக்கு அடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். நாலைந்து நாள் உழைப்பில் ஒரு கதவு முடிந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவர் அதை வண்டியில் மாட்டி, பத்தடி தள்ளிப்போய்க் குந்தி உட்கார்ந்து, முன்கதவிலிருந்து பின்னோக்கி ஓடும் மடிப்புக் கோட்டை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். எழுந்து வந்து, ஒரு நூல் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக் கத்திரியை எடுத்து என் கண்ணெதிரே அதைக் குறுக்காக வெட்டிவிட்டார். வெட்டாமல் வைத்தால் பட்டி போட்டு நிரப்பிக் கொள்ளலாம் என்ற ஆசை எனக்கு வந்துவிடுமாம். அந்தத் தகட்டுக்கும் கூலி தருகிறேன் என்று எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. இரண்டாவதாக அடித்ததற்கு மட்டுமே வாங்கினார். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

அபிங்டன் ஐயா, கூலி ஆளை விழுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் வண்டியை விழுங்கியது கூலி கொடுக்க மனமில்லாமல் ரிவெட் அடித்த ஆள்.

பச்சை_ஜிடி (பர்மிங்ஹாம்)

என் கதை சின்னது. கூரை உள்ள எம்ஜிபி ஜிடி, முன்பே முழுதாக மராமத்து செய்யப்பட்ட வண்டியாகப் பார்த்து வாங்கினேன். முந்தியவர் செலவழித்ததில் பாதி விலைக்குக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது, அது மட்டும் மறக்கவில்லை.

இனி, புதிதாக இறங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முடித்த வண்டியையே வாங்குங்கள். செலவழித்தது விற்கும்போது திரும்பாது, ஆகவே அந்த இழப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்குவதுதான் புத்தி. காந்தம் கட்டாயம் கொண்டுபோங்கள். ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், தூக்கியதும் கதவு உரசினால் வண்டி நடுவில் வளைகிறது என்று பொருள். சில் போயிருந்தால் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளாதீர்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்குப் புத்தம்புது உடம்பே செய்துதருகிறது. அபிங்டன் நண்பர் அந்த 11,000த்தை அதில் போட்டிருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். இல்லாவிட்டால் விபத்து நேர்ந்தால் சந்தை விலை என்று ஏதோ ஒரு தொகையை நீட்டுவார்கள். ஒவ்வொரு ரசீதையும், வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் பத்திரப்படுத்துங்கள். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரணப் பெட்ரோல் என்றால் இ10. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாயைத் தின்றுவிடும். எத்தனால் குறைந்த, விலை உயர்ந்த இ5 பெட்ரோலைப் போடுங்கள், அல்லது குழாய்களை மாற்றுங்கள். பெட்ரோல் கசிந்து எஞ்சினில் தீப்பிடித்தால் வண்டியே போய்விடும், குழாய் மாற்ற ஐம்பது பவுண்டுகூட ஆகாது. ஸ்பேனர் அங்குல அளவில் வாங்குங்கள், மில்லிமீட்டர் ஸ்பேனர் போல்ட்டின் முனையை மழுக்கும். இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒன்று: அம்பாசடர் எஞ்சினும் எம்ஜிபி எஞ்சினும் ஒன்றே, பிஸ்டனை ஊரிலேயே மலிவாக வாங்கிவிடலாம்.

அபிங்டன்72

நண்பரே, முடித்த வண்டியை வாங்குங்கள் என்கிறீர்கள். நான் வாங்கியதே முடித்த வண்டிதான், படங்களும் ரசீதுகளும் இருந்தன. ரோஜாப்பூ மூடியையும் காந்தம் பிடித்தது. எண்டாஸ்கோப் கேமராவைச் சில்லின் வடிகால் துளை வழியே விட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

ஹெரிட்டேஜ் உடம்பைப் பற்றி நான் விசாரிக்காமல் இல்லை. பெயிண்ட் அடிக்காத வெற்று உடம்பே 10,000 பவுண்டைத் தாண்டுகிறது. அதற்குப் பெயிண்ட், பிறகு வயரிங் முதல் கண்ணாடிவரை பழையதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும் கூலி. என் வண்டியில் கவுல் (முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தகடு), கதவுகள், பின்பக்கம் எல்லாம் 1972இல் எம்ஜியின் அபிங்டன் ஆலையிலிருந்து வந்த அதே இரும்பு, கெடாமல் இருக்கிறது. அழுகியதை மட்டும் வெட்டி எடுத்தோம். நல்ல இரும்பைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை, வரவும் கூடாது.

வண்டலூர் ஐயா சொன்னது சரி. என் வெல்டரும் ஒரு வெல்டிங் தையலைத் திருப்தியில்லை என்று அரைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார். அந்த நேரத்தை ரசீதில் சேர்க்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பீளமேடு_லேத் (கோவை)

பச்சை ஜிடி சொன்ன கடைசி வரியை யாரும் நம்பிக் காசைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி-சீரிஸ் எஞ்சின் குடும்பம் என்பது உண்மை. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒன்றே, 88.9 மில்லிமீட்டர். ஆனால் அந்த எஞ்சின் போட்ட அம்பாசடர் 1,489 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மில்லிமீட்டர். எம்ஜிபி 1,798 சிசி, போர் 80.26. அம்பாசடர் பிஸ்டனை எம்ஜிபி சிலிண்டரில் விட்டால் சுற்றிலும் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். 1,489 சிசி வந்தது ஆரம்பகால எம்ஜிஏவில், எம்ஜிபியில் ஒருபோதும் இல்லை.

இதே யோசனையைக் கேட்டு ஒருவர் என் லேத்துக்கு ஒரு செட் பிஸ்டனோடு வந்தார். வெர்னியரை வைத்துக் காட்டிய பிறகும் நம்பவில்லை. இறக்கிப் பாருங்கள் என்று பிளாக்கை அவர் முன் வைத்தேன். பிஸ்டன் கையிலிருந்து நழுவி அடிவரை போய்விட்டது. செட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கொக்குவில்_ஸ்பிட்ஃபயர்

வண்டலூர் அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. ஹெரால்டின் வெர்டிகல் லிங்க் (ட்ரனியனுக்குள் புரியோடு இறங்கும் அந்தத் தண்டு) பழைய ஸ்டாக் புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கிறதா? இங்கே வரும் புதிய தயாரிப்புகளில் புரி கரடுமுரடாக இருக்கிறது என்று மாமா ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். இடப்பக்கம் இன்னும் பழையதுதான். அதைக் கழற்றிப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

வண்டலூர்_ஹெரால்டு

ஒரு கடையில் பெட்டி பிரிக்காத ஜோடி ஒன்று இருந்தது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். இடப்புறப் புரியும் வலப்புறப் புரியும் வெவ்வேறு, ஆகவே உங்களுக்கு வேண்டிய பக்கத்தை உறுதிசெய்து எழுதுங்கள். புரியைப் படம் எடுத்து அனுப்புகிறேன், மாமாவிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால் மட்டும் வாங்குகிறேன்.