ஐந்து விளக்கு வரிசை முழுவதும் அணைய மறுக்கிறது: பிழை இணைப்பிலா, கணக்கிலா?

கேள்வி:
வணக்கம். பள்ளிக் கணிதக் கண்காட்சிக்காக அர்டுயினோ என்னும், நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையுடன் ஐந்து எல்.இ.டி. விளக்குகளை ஒரே வரிசையில் இணைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். ஒரு சுவிட்சை அழுத்தினால் அதன் மேலுள்ள விளக்கும் அதன் இருபுற விளக்குகளும் நிலை மாறும். எரிவது அணையும், அணைந்திருப்பது எரியும். ஓரத்துச் சுவிட்சுகள் இரண்டு விளக்குகளை மட்டுமே மாற்றும். தொடக்க நிலையை நிரல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறது. எல்லா விளக்குகளையும் அணைப்பதே ஆட்டம். நேற்று, வரிசையின் முதல் விளக்கு மட்டும் எரியும் நிலை வந்தபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அரை மணி நேரம் பொறுமையாக முயன்றும் முடியவில்லை. நானும் முயன்று பார்த்துவிட்டேன். ஆனால் ஆறாவது விளக்கையும் சுவிட்சையும் சேர்த்தால் அதே நிலை அணைந்துவிடுகிறது. தவறு எங்கே இருக்கிறது?

பதில் 1:
இணைப்பில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு சுவிட்சை இருமுறை அழுத்துவது அழுத்தாமல் விடுவதற்குச் சமம்; அழுத்தும் வரிசையாலும் முடிவு மாறாது. ஆகவே ஐந்து சுவிட்சுகளில் எவற்றை அழுத்துவது என்பதற்கு 32 வழிகள்தான் உண்டு. முதல் சுவிட்சை அழுத்துவதா, விடுவதா என்று முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாகவே தீர்மானமாகிவிடும்: முதல் விளக்கு எரிந்தால் இரண்டாம் சுவிட்ச், அதன்பின் இரண்டாம் விளக்கு எரிந்தால் மூன்றாம் சுவிட்ச் என்று இடமிருந்து வலமாகச் செல்லுங்கள். இரண்டு முயற்சியிலும் கடைசி விளக்கு எரிந்தபடியே நின்றால், அந்த நிலைக்கு விடை இல்லை. ஆறு விளக்குகளில் உங்கள் நிலைக்கு 2, 3, 5, 6 ஆகிய சுவிட்சுகளே விடை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த மாணவிக்குக் காரணமும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். நடு விளக்கை விட்டுவிட்டு 1, 2, 4, 5 ஆகிய நான்கில் எத்தனை எரிகின்றன என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஐந்து சுவிட்சுகளில் எதை அழுத்தினாலும் இந்த நான்கில் சரியாக இரண்டுதான் மாறும். ஆகவே அந்த எண்ணிக்கை இரண்டு கூடும், இரண்டு குறையும், அல்லது அப்படியே இருக்கும். ஒற்றைப்படையில் தொடங்கினால் ஒருபோதும் சுழியத்தை அடைய முடியாது. முதல் விளக்கு மட்டும் எரியும்போது எண்ணிக்கை ஒன்று. மாறாக, ஐந்தும் எரிந்தால் 1, 4 என்ற இரண்டு சுவிட்சுகளே போதும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாங்கள் இருவரும் எண்ணிப் பார்த்தோம். அவள் முகம் தெளிந்தது. நடு விளக்கு மட்டும் எரியும் நிலையை 4, 5 சுவிட்சுகளால் அணைக்கலாம் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். வேறு எந்த நீளங்களில் இந்தச் சிக்கல் வரும்?

பதில் 2:
விளக்குகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து மீதி இரண்டு வந்தால், அதாவது 2, 5, 8, 11 என்ற நீளங்களில் வரும். 'அழுத்து, அழுத்து, விடு' என்ற முறையை இடமிருந்து திரும்பத் திரும்பச் செய்தால் இடையிலுள்ள எந்த விளக்கும் மாறாது. வரிசை அந்த இரண்டாவது 'அழுத்து' உடன் முடியும்போது கடைசி விளக்கும் மாறாது. எதையும் மாற்றாத அப்படியோர் அழுத்தல் இருப்பதால், ஒவ்வொரு விடைக்கும் ஓர் இரட்டை விடை கிடைக்கிறது. 32 வழிகள் 16 நிலைகளை மட்டுமே எட்டுகின்றன. 1995இல் டைகர் எலக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட 'லைட்ஸ் அவுட்' என்னும் ஐந்துக்கு ஐந்து கட்ட விளையாட்டுப் பொருளில் கால் பங்கு நிலைகளுக்கே விடை உண்டு.

நீளத்தை மாற்ற வேண்டியதில்லை. விளக்குகளைக் குலுக்கல் முறையில் எரியவிடாமல், எல்லாம் அணைந்த நிலையிலிருந்து நிரலே சில சுவிட்சுகளைக் குலுக்கல் முறையில் அழுத்தித் தொடக்க நிலையை உருவாக்கட்டும். அப்போது வரும் எந்த நிலைக்கும் விடை இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நிரலில் அந்தப் பகுதியை அப்படியே மாற்றிவிட்டேன். இருபது முறை ஓட்டிப் பார்த்தேன், இருபதும் அணைந்தன.