ஆனி இடிபாடுகளுக்குப் போய்வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அக்டோபர் கடைசியில் அப்பாவும் நானும் துருக்கி போகிறோம். ஆனி என்ற பழைய ஆர்மீனியத் தலைநகரைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். அங்குள்ள பேராலயத்தைக் கட்டிய ஆர்மீனியக் கட்டடக் கலைஞர் திர்தாத்தான் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா பேராலயத்தின் இடிந்த குவிமாடத்தையும் சீரமைத்தவர் என்று படித்ததிலிருந்து இந்தப் பித்து. (ஆனியில் அவர் எழுப்பிய குவிமாடம் 1319 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது!)

"அங்கே கல்லைத் தவிர ஒன்றுமில்லை" என்றார் ஒரு பயண முகவர். கல்லைப் பார்க்கத்தானே போகிறோம்?

கார்ஸ் நகரில் இரண்டு இரவு தங்குகிறோம். அங்கிருந்து சுமார் 45 கிலோமீட்டர். பஸ் உண்டா, டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்வதுதான் வழியா? நியாயமான வாடகை எவ்வளவு?

பெரிய கவலை அப்பாவின் முழங்கால். 1215இல் திக்ரான் ஹொனென்ட்ஸ் கட்டுவித்த தேவாலயம் ஆற்றை நோக்கிய சரிவில் இருக்கிறது. அழகான சுவரோவியங்கள் அங்கேதான். இறங்குவது படியிலா, மண்பாதையிலா? பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா? நடுவில் உட்கார நிழல் கிடைக்குமா?

1957இல் பாதி சரிந்த மீட்பர் ஆலயத்தை அருகில் போய்ப் பார்க்க விடுகிறார்களா? அண்மையில் போனவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். குளிருக்குக் கம்பளிச் சட்டை ஒன்று போதுமா என்றும் சொல்லுங்கள், நாங்கள் மதுரைக்காரர்கள்.