ஒன்பது ஒலிம்பிக் பதக்கம், ஒன்றுகூடத் தங்கம் இல்லை: மெர்லீன் ஓட்டிக்கு என்னதான் ஆச்சு?

சோடாபுட்டி:
ஜமைக்காவின் ஓட்ட வீராங்கனை மெர்லீன் ஓட்டி 1980 மாஸ்கோவில் ஆரம்பித்து 2004 வரை ஏழு ஒலிம்பிக் ஓடியிருக்கிறார். 3 வெள்ளி, 6 வெண்கலம், தங்கம் மட்டும் இல்லை. நான் அந்தக் காலத்தில் பார்த்தவன் இல்லை, பழைய வீடியோக்கள்தான். 100 மீட்டரை 10.74 நொடியிலும் 200 மீட்டரை 21.64 நொடியிலும் ஓடியவர் பெரிய பந்தயம் என்றால் உதறுகிற ஆளா, இல்லை நேரம்தான் சரியில்லையா?

தடம்_நாலு:
உதறலா? 1996 அட்லாண்டா ஒலிம்பிக் 100 மீட்டரின் கடைசி நாலு எட்டை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இவருக்கும் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கும் 10.94. தலை, கை, கால் எது முதலில் போனாலும் கணக்கில்லை, உடம்பு கோட்டைத் தொடுவதுதான் கணக்கு, அதில் டெவர்ஸ் ஒரு இழை முன்னால். 1993 ஸ்டட்கார்ட் உலகப் போட்டியிலும் அதே டெவர்ஸ்தான், இரண்டு பேருக்கும் 10.82. ஒரே ஆளிடம் இப்படி இரண்டு தடவை! அப்புறம் அதே ஸ்டட்கார்ட்டில் 200 மீட்டரை 21.98-ல் ஓடித் தங்கம் வாங்கினார், 1995 கோதன்பர்க்கிலும் 200-ல் தங்கம், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பைக்ஸ்:
1995-ல் முதலில் வந்தது அமெரிக்காவின் க்வென் டோரன்ஸ். வளைவில் கோட்டை மிதித்ததால் அவரைத் தகுதி நீக்கினார்கள், அதனால் அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்திருக்கிறது. எனக்கு உறுத்துவது 1991. டோக்கியோ உலகப் போட்டியில் ஜெர்மனியின் கத்ரின் க்ராபே 100, 200 இரண்டிலும் தங்கத்தை அள்ள, இவருக்கு இரண்டும் வெண்கலம். இரண்டு வாரம் கழித்து பிரஸ்ஸல்ஸில் அந்த 21.64! அதை டோக்கியோவில் ஓடியிருக்க வேண்டாமா? முழுப்பழியையும் விதி மேல் போட நான் தயாரில்லை.

யாழ்_மைதானம்:
1997 ஏதென்ஸ் உலகப் போட்டியை விட்டுவிட்டீர்களே. 100 மீட்டர் இறுதியில் யாரோ ஃபால்ஸ் ஸ்டார்ட் (துப்பாக்கிக்கு முன்பே கிளம்பியது), திருப்பி அழைத்த துப்பாக்கிச் சத்தம் இவருக்குக் கேட்கவில்லை, மற்றவர்கள் நின்றுவிட இவர் மட்டும் பாதித் தூரத்துக்கு மேல் முழு வேகத்தில் ஓடிவிட்டுத் திரும்பி நடந்து வந்தார். வயது 37. மறுபடி ஓடி ஏழாவது. சில நாளில் 200-ல் வெண்கலம்: 22.40. அவரை முந்தி 22.39-ல் வெள்ளி எடுத்தது எங்கள் இலங்கையின் சுசந்திகா, அந்த நூறில் ஒரு நொடிக்காக நாங்கள் கத்தின கத்து இருக்கே, ஓட்டிக்காக வருத்தப்பட அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

சோடாபுட்டி:
அடேங்கப்பா. சரி, ஸ்லோவேனியாவுக்கு ஏன் போனார்?

பழைய_ஸ்பைக்ஸ்:
2000 சிட்னியில் மனம் விட்டுப்போச்சு. ஜமைக்கா அணித் தேர்வு ஓட்டத்தில் நாலாவது வந்தவரை 100 மீட்டரில் இறக்கினார்கள், சக வீரர்களே எதிர்த்துப் போராடினார்கள். அங்கேயும் நாலாவதுதான், பிறகு முதலில் வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸின் பதக்கத்தை ஊக்கமருந்துக்காகப் பறித்ததால் 2009-ல் வெண்கலம் கைக்கு வந்தது. 2002-ல் ஸ்லோவேனியக் குடியுரிமை. 2012 ஹெல்சின்கி ஐரோப்பியப் போட்டியில் அந்த நாட்டின் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். அப்போது வயது 52.