அப்டேட் போட்ட பிறகு காணாமல் போகும் சென்சர்

"போர்டு எரிஞ்சு போச்சு சேர், கொழும்பிலதான் எடுக்கணும்" என்று யாராவது வந்தால், காசு செலவழிக்க முதல் நெட்வொர்க்கைப் பாருங்கள். மட்டக்களப்பில் ரோபோ பழகும் பொடியன்களோடு இருக்கிற எனக்கு இது திரும்பத் திரும்ப வருகிற கதை.

செங்கலடிப் பக்கம் வயல் வரம்பில் ஓட்டிப் பார்க்க மாணவர்கள் செய்த நாலு சில்லு ரோபோ ஒன்று. உள்ளே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி. தூரம் அளக்கும் சென்சர் போர்டு யூஎஸ்பி வயரில் இருந்தாலும், பைக்கு அது ஒரு நெட்வொர்க் கார்டாகத்தான் தெரியும். தரவு ஐபி முகவரி வழியாக வரும். போர்டுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது அதற்குள்ளேயே ஓடும் மென்பொருள், ஏற்றினார்கள். பிறகு சில்லு சுற்றுகிறது, கமரா வருகிறது, போர்டில் பச்சை லைட்டும் எரிகிறது, தூரம் மட்டும் இல்லை.

நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியலிடும் ஐபி லிங்க் கட்டளை அடித்தால் போர்டு அங்கேதான் நிற்கிறது. பெயர் ஈஎன்எக்ஸ் என்று தொடங்கி, பின்னால் பன்னிரண்டு எழுத்து. யூஎஸ்பி நெட்வொர்க் கார்டுக்கு அதன் மாக் முகவரியையே (கார்டின் அடையாள எண்) உபுண்டு பெயராக வைத்துவிடும். எந்தக் கார்டுக்கு எந்த ஐபி என்று எழுதும் நெட்பிளான் கோப்பில் இருந்ததும் ஈஎன்எக்ஸ்தான், ஆனால் பின்னால் வேறு எழுத்துகள். ரோபோவை நிறுத்தித் திரும்பப் போட்டால் இன்னொரு பெயர்! பழைய ஃபர்ம்வேரில் மாக் நிரந்தரமாக இருந்திருக்கிறது. புதியது ஒவ்வொரு தடவையும் தானாக ஒன்றை உருவாக்குகிறது. அந்தப் பன்னிரண்டில் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றா என்று பாருங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் அது மென்பொருள் உருவாக்கிய முகவரி.

புதுப் பெயரைக் கோப்பில் எழுதினால் அடுத்த தடவை கரண்ட் போட்டதும் பழைய இடத்திலேயே போய் நிற்போம். அதனால் பெயரை விட்டுவிட்டு, டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) வைத்துப் பொருத்தும்படி நெட்பிளானில் எழுதினோம். ரோபோவில் அந்த வகைக் கார்டு ஒன்றுதான் என்பதால் அது போதும். பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) போனது, தூரமும் வந்தது. ஃபர்ம்வேரைப் பின்னுக்குக் கொண்டுபோகவே தேவை வரவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பதில்:

அண்ணன், எங்கட ரோபோவில் மாக் மாறவில்லை, ஐபி மாறிப்போனது. அப்டேட் போட்டதும் போர்டு தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி 192.168.1 வரிசைக்கு வந்துவிட்டது. லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சர்) தரவை வாசிக்கும் டிரைவரை எழுப்ப பையிலும் அதே வரிசையில் முகவரி கொடுத்தோம். எங்கள் வைஃபை ரௌட்டரும் அதே வரிசைதான். ஒரே வரிசைக்கு இரண்டு பாதை வந்ததும் எஸ்எஸ்எச் (ரோபோவுக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழி) அறுந்தது, ரோபோவே செத்தமாதிரி ஆகிவிட்டது. போர்டைக் கழற்றி லாப்டாப்பில் தனியே கொழுவி, 192.168.50 வரிசைக்கு மாற்றினோம். அதோடும் முடியவில்லை. நெட்வொர்க்கில் வருவதைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டால் பாக்கெட் கொட்டுகிறது, டிரைவருக்கு மட்டும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. தரவை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற அமைப்பும் போர்டுக்குள் தனியாக இருக்கிறது, அதுவும் பழைய நிலைக்குப் போயிருந்தது. இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

ஓம் தம்பி, நல்ல விஷயம் சொன்னீர். அந்த எஸ்எஸ்எச் அறுகிற பயத்துக்கு நெட்பிளான் ட்ரை கட்டளை இருக்கிறது. மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 விநாடி காத்திருக்கும். நீங்கள் சரி என்று எண்டர் அடிக்காவிட்டால் பழையபடி திருப்பிவிடும். வயலுக்குள்ளே திரையும் கீபோர்டும் கொண்டுபோக முடியாது, ஆகவே நேரடியாக நெட்பிளான் அப்ளை கொடுக்க நான் யாரையும் விடுவதில்லை. அப்புறம், பழைய கோப்பைப் பிரதி எடுத்தால் அதே ஃபோல்டரில் யாமல் (.yaml) என்று முடியும் பெயரோடு வைக்காதீர்கள். நெட்பிளான் அதையும் சேர்த்து வாசிக்கும். வீட்டு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.