மலைவீட்டு உறவுகள் குழு: குன்னூருக்கு வந்த மைக்ரோவேவ்

சனி, காலை

பெரியம்மா (குன்னூர்): யாராவது இருக்கிறீர்களா? மகள் கோவையிலிருந்து அனுப்பிய மைக்ரோவேவில் கேரட் வைத்தேன். கண்ணாடிக் கிண்ணம்தான், எவர்சில்வர் எதுவும் உள்ளே இல்லை. ஆனாலும் பட் பட்டென்று நீலமாகப் பொறி பறக்கிறது. நிறுத்திவிட்டு வாசல்பக்கம் வந்து நிற்கிறேன்.

அக்கா (கோவை): அம்மா, முதலில் பிளக்கைப் பிடுங்கு!!

குட்டித் தம்பி (கோத்தகிரி): கேரட்டில் கரண்டா பெரியம்மா 😂 நம் கேத்தி ஊர் கேரட் அவ்வளவு வீரியமா

சித்தப்பா (ஊட்டி): சிரிக்காதே, அது நடப்பதுதான். அண்ணி, கேரட்டை எப்படி நறுக்கினீர்கள்?

பெரியம்மா: நீளநீளமாக, பொரியலுக்கு நறுக்குகிற மாதிரி. தண்ணீர் விடவில்லை.

சித்தப்பா: அதுதான் விஷயம். கேரட், பச்சை பீன்ஸ் இதிலெல்லாம் தாது உப்பு இருக்கிறது, வெட்டின முனை கூராக இருந்து, ஈரமும் இல்லாமல் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டு கிடந்தால் அந்த இடுக்கில் சில சமயம் பொறி தட்டும். ஓவனில் கோளாறு ஒன்றும் இல்லை. வட்டமாக நறுக்கி, இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடி வையுங்கள். கால் கிலோவுக்கு 4, 5 நிமிடம் போதும், நடுவில் ஒருமுறை திறந்து கிளறுங்கள். மூடி இறுக்கமாக வேண்டாம், ஆவி போக ஓரத்தில் கொஞ்சம் வழி இருக்கட்டும்.

பெரியம்மா: இதற்கு அடுப்பிலேயே வேக வைத்திருப்பேனே.

நான்: காய்க்கு இது நல்லது பெரியம்மா. நிறையத் தண்ணீர் ஊற்றி வேக வைத்துக் கொட்டும்போது போகிற சத்து இதில் அவ்வளவு போகாது, நிறமும் அப்படியே நிற்கும். தாளிப்பை மட்டும் அடுப்பில் செய்யுங்கள். எண்ணெயை மைக்ரோவேவில் காய வைக்கவே வேண்டாம், எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது.

அத்தை (கூடலூர்): ↪ பகிரப்பட்டது: மைக்ரோவேவில் சமைத்த உணவில் கதிர்வீச்சு தங்கிவிடும்! உடனே நிறுத்துங்கள்! உங்கள் சொந்தங்களுக்குப் பகிருங்கள்!

அத்தை: அண்ணி, இதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சித்தப்பா: இதோ வந்துவிட்டது. கூடலூர் அக்கா, லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குமா? ரேடியோ, டிவிக்கு வருகிறதே, அந்தக் குடும்பத்து அலைதான் இதுவும். உணவில் இருக்கிற தண்ணீரை ஆட்டிவிடுகிறது, அதில் சூடாகிறது, ஸ்விட்ச் நின்றதும் அதுவும் நின்றது. ஓவன் கதவுக் கண்ணாடிக்குள் பொடிப்பொடி ஓட்டை போட்ட கம்பித் தகடு ஒன்று தெரியும் பாருங்கள். அலையின் நீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர், அந்த ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதனால் வெளியே வராது. கதவு கோணிப்போய்ச் சரியாக மூடவில்லை, கொக்கி உடைந்துவிட்டது என்றால்தான் பயப்பட வேண்டும், அப்படிப்பட்ட ஓவனை ஓட்டவே கூடாது. உள்ளே ஒன்றும் வைக்காமல் ஓட்டுவதும் கூடாது.

குட்டித் தம்பி: என் பிரச்சினை வேறு. நேற்று இரவு பார்சல் பிரியாணியைச் சூடு பண்ணினேன், ஓரமெல்லாம் நாக்கைச் சுடுகிறது, நடுவில் இருந்த கோழித்துண்டு பல் கூசுகிற அளவுக்கு ஜில்லென்று இருக்கிறது. ஓவன் போய்விட்டதா?

சித்தப்பா: நீ எப்படி வைத்தாய் என்பதில்தான் கோளாறு. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாக இறங்கும், அதற்கு மேல் உள்ளே போவது வெளியிலிருந்து மெதுவாகப் பரவுகிற சூடு. கோபுரம் மாதிரி குவித்து வைத்தால் நடு எப்படிச் சுடும். தட்டில் வட்டமாகப் பரப்பு, நடுவில் குழி விடு. தண்ணீர் கொஞ்சம் தெளித்து மூடு. இரண்டு நிமிடம் ஓட்டி, எடுத்துக் கிளறி, மறுபடி ஒரு நிமிடம். அப்புறம் மூடியபடி இரண்டு நிமிடம் சும்மா விடு. மணி அடித்ததும் கதவைத் திறந்து அப்படியே வாயில் போடுவதுதான் எல்லாரும் செய்கிற வேலை, சூடு சமமாகப் பரவுவது அந்தச் சும்மா விடுகிற நேரத்தில்தான்.

நான்: கோழி என்றால் நடுத்துண்டைப் பிய்த்துப் பார். உள்ளேயிருந்து ஆவி வர வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு 74 டிகிரி கணக்கு.

அக்கா: ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியை நேராக வைத்தால் ஓரம் வெந்து நடு கல்லாக இருக்கிறதே, அதுவும் இதனால்தானா?

சித்தப்பா: அது இன்னும் மோசம். ஐஸ் இந்த அலையைச் சரியாக வாங்காது, தண்ணீர் நன்றாக வாங்கும். எந்த மூலை முதலில் உருகுகிறதோ அந்த மூலையே எல்லாச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். அதற்குத்தான் டீஃப்ராஸ்ட் பட்டன், விட்டு விட்டு ஓடும், இடையில் சூடு பரவ நேரம் கிடைக்கும். அப்படி உருக்கின கறியை உடனே சமைத்துவிட வேண்டும், ஓரம் ஏற்கனவே வெதுவெதுப்பாகியிருக்கும், எடுத்து வைத்துவிட்டுச் சாயங்காலம் பார்க்கலாம் என்பது ஆகாது.

குட்டித் தம்பி: பார்சல் வந்த டப்பாவோடே வைக்கலாமா

அக்கா: எந்த டப்பா?

குட்டித் தம்பி: அந்த சில்வர் கலர் டப்பா

சித்தப்பா: டேய்!! அது அலுமினியம். தட்டில் கொட்டிவிட்டு வை. தங்க ஓரம் போட்ட பீங்கான், மெலமைன் தட்டு, ஐஸ்கிரீம் வந்த டப்பா, ஊறுகாய் டப்பா எதுவும் வேண்டாம். அடுப்புக்கான கண்ணாடி, சாதாரணப் பீங்கான், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் மைக்ரோவேவ் சேஃப் என்று போட்டிருப்பது பெரும்பாலும் டப்பா உருகாது என்கிற அளவுக்குத்தான், எண்ணெய்க் குழம்பையெல்லாம் நான் அதில் சூடு பண்ண மாட்டேன்.

பெரியம்மா: அப்படியென்றால் கூடவே ஒரு கம்பி ஸ்டாண்ட் வந்திருக்கிறதே, அது எதற்கு?

சித்தப்பா: அது கன்வெக்‌ஷன், கிரில் வைக்கும்போது. அதில் வேலை செய்வது சூடான காற்றும் சுருள் கம்பியும். வெறும் மைக்ரோ பட்டன் அழுத்தும்போது அந்த ஸ்டாண்டை வெளியே எடுத்துவிடுங்கள்.

சனி, மாலை

பெரியம்மா: துவரம்பருப்பு அரை மணி நேரமாக ஓடுகிறது, இன்னும் முழிக்கிறது. கூட வந்த புத்தகத்தில் இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறான்.

சித்தப்பா: அண்ணி, புத்தகம் எழுதினவன் சமவெளியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், எங்கள் ஊட்டியில் 92, 93. கொதிக்கிற தண்ணீருக்கு மேல் சூடு ஏறாது, எந்த அடுப்பானாலும் சரி, மைக்ரோவேவானாலும் சரி. பருப்பு, கொண்டைக்கடலை, அவரைக்கொட்டை எல்லாம் குக்கரில்தான் வேகும், ஆவியை அடைத்து வைத்தால்தான் சூடு நூறைத் தாண்டும். பருப்பை இதில் வைப்பது கரண்டுக்குக் கேடு.

பெரியம்மா: சோறு?

நான்: சோறு வரும் பெரியம்மா, ஆனால் குக்கரை விட நேரம் மிச்சமாகாது. அரை மணி நேரம் ஊற வைத்து, ஒன்றுக்கு இரண்டேகால் தண்ணீர், பொங்கும் என்பதால் உயரமான பாத்திரம். ஒரு ஆளுக்கு என்றால் பரவாயில்லை. இந்த ஓவனுக்கு ஏற்ற காய் நம் ஊர் உருளைக்கிழங்குதான். கழுவி, துடைத்து, முள்கரண்டியால் சுற்றிலும் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள், குத்தாவிட்டால் தோலுக்குள் ஆவி அடைத்து வெடிக்கும். நடுத்தரக் கிழங்கு இரண்டு, 800 வாட்டில் 6, 7 நிமிடம், பாதியில் ஒருமுறை புரட்டி வையுங்கள். எடுத்து ஐந்து நிமிடம் துணியால் மூடி வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும், உள்ளே மாவு மாதிரி உதிரும். உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் வெண்ணெய். தண்ணீரில் அவித்த கிழங்கு இந்த ருசிக்குக் கிட்டே வராது.

குட்டித் தம்பி: முட்டை?

நான்: ஓட்டோடு ஒருபோதும் வைக்காதே. அவித்து உரித்த முட்டையைச் சூடு பண்ணுவதும் ஆகாது, ஓவனில் சும்மா இருந்துவிட்டு வாயில் கடிக்கும்போது வெடிக்கும். கப்பில் உடைத்து ஊற்றி, மஞ்சள் கருவைப் பல் குச்சியால் இரண்டு இடத்தில் குத்தி, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடி, பாதி பவரில் ஒரு நிமிடம் வைத்துப் பார். போதாவிட்டால் பத்துப் பத்து விநாடியாகக் கூட்டு.

அத்தை: இங்கே மழை விடவே இல்லை, வர்க்கி பிஸ்கட், அப்பளம் எல்லாம் நமுத்துப்போய்க் கிடக்கிறது. அதற்கு உதவுமா இந்தப் பெட்டி?

அக்கா: கதிர்வீச்சு என்னாச்சு அத்தை 😄

அத்தை: கேட்டதற்குப் பதில் சொல்லடி.

நான்: அப்பளத்துக்கு அருமை அத்தை. இரண்டு பக்கமும் எண்ணெய் லேசாகத் தடவி, ஒன்றுக்கு 40 விநாடி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். வர்க்கியில் நெய்ப்பசை அதிகம், உள்ளே கருகினாலும் வெளியே தெரியாது, அதனால் 10 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுவென்று ஆகும். மொறுமொறுப்பாகட்டும் என்று மறுபடி மறுபடி உள்ளே தள்ளினால் கரிதான். அப்புறம், காய்ந்த மிளகாயை மட்டும் இதில் வறுக்காதீர்கள், கதவைத் திறந்ததும் வீடே இருமும்.

அக்கா: பாப்பாவுக்குப் பால் பாட்டிலை 20 விநாடி வைக்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.

சித்தப்பா: வேண்டாம். பாட்டில் வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் கொதிக்கும். ஒரு மக்கில் வெந்நீர் ஊற்றி அதில் பாட்டிலை நிறுத்து, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடு.

நான்: வெறும் தண்ணீரையும் பார்த்து வையுங்கள். வழவழப்பான புதுக் கப்பில் கொதிநிலையைத் தாண்டியும் குமிழ் வராமல் அமைதியாக நிற்கும், டீத்தூளைப் போட்டதும் குபீரென்று கிளம்பிக் கையில் அடிக்கும். உள்ளே வைக்கும்போதே ஒரு மர ஸ்பூனைப் போட்டு வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பெரியம்மா: இன்றைக்கு மீந்த சோற்றை அடுப்படியிலேயே மூடி வைத்திருக்கிறேன். காலையில் இதில் சூடு பண்ணிக்கொள்கிறேன்.

நான்: பெரியம்மா, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பெரியம்மா: இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? ஊரே ஃப்ரிட்ஜ்தான்.

நான்: வெளியே புல்லில் உறைபனி விழுந்தாலும் உங்கள் அடுப்படி ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரி. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு, அதன் விதை மாதிரியான வித்து சோறு வேகிற சூட்டிலும் சாகாது, வெளியே கிடக்கும்போது முளைத்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் காலையில் எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி எடுக்க வைப்பது அதுதான்.

பெரியம்மா: பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த உடம்புடி இது.

நான்: நீர் ஊற்றிப் புளிக்க விட்ட சோறு வேறு பெரியம்மா, அதில் புளிப்பேற்றுகிற பாக்டீரியா முந்திக்கொள்ளும். சட்டியில் மூடி வைத்த வெறும் சோறு அந்தக் கணக்கில் வராது. அகலத் தட்டில் பரப்பி ஆற வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். நாளைக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடு பண்ணுங்கள். மீண்டும் மீந்தால் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

பெரியம்மா: சரி, வைத்துவிட்டேன். இன்னொன்று. சாயங்காலம் ஆனால் ஓவன் சோர்ந்து போகிறது, காலையில் இரண்டு நிமிடத்தில் சுட்டது இப்போது நாலு நிமிடம் கேட்கிறது.

சித்தப்பா: வோல்டேஜ். சாயங்காலம் எல்லா வீட்டிலும் கீசர், ஹீட்டர். 230 வர வேண்டியது 180க்கு இறங்கினால் ஓவன் சூடு அதைவிட வேகமாக இறங்கும். நேரத்தை நம்பாமல் ஆவியைப் பார்த்து எடுங்கள். எந்த பிளக்கில் மாட்டியிருக்கிறீர்கள்? படம் அனுப்புங்கள்.

பெரியம்மா: 📷 புகைப்படம்

சித்தப்பா: அய்யோ, மிக்ஸி, கெட்டிலோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பெட்டியிலா? கன்வெக்‌ஷன் ஓவன் 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஒயர் உருகிவிடும். தனி 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும், பின்னால் நாலு விரல்கடையாவது காற்று போக இடமும் விட வேண்டும். திங்கட்கிழமை வந்து போட்டுத் தருகிறேன். அதுவரை தொடாதீர்கள்.

பெரியம்மா: அப்போ நாளைக்குச் சோற்றை?

சித்தப்பா: அடுப்பில்தான் அண்ணி.

பெரியம்மா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி. வரும்போது மார்க்கெட்டில் பட்டர் பீன்ஸ் இருந்தால் ஒரு கிலோ வாங்கி வாருங்கள்.