புதுப்பிப்பு: தெரபி வீட்டுப்பாடத்திலும் நூற்றுக்கு நூறு எடுப்பவர்களுக்கு

பதவி உயர்வு, மணமுறிவு போன்ற திருப்பங்களில் தெரபிக்குப் போகும் சாதனைப் பெண்கள் பற்றிய முந்தைய இழையில், எண்ணப் பதிவேடு (பயமுறுத்தும் எண்ணத்தையும், அதற்கு ஆதரவான, எதிரான சான்றுகளையும் எழுதிவைக்கும் குறிப்பு) எழுதச் சொல்லியிருந்தோம். "ஒழுங்காக எழுதுகிறேன், பயம் மட்டும் குறையவில்லை" என்று கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் பதிவேடே இன்னொரு தேர்வாகிவிடுகிறது. செய்து பார்க்கும் சோதனைதான் அடுத்த படி. சாதாரண அலுவலக மெயில் ஒன்றை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புங்கள். அதற்கு முன், "மேலாளர் என்னைக் கவனமில்லாதவள் என்று நினைப்பார்: 80 சதவீதம்" என்று கணிப்பை எழுதிவையுங்கள். மறுநாள் உண்மையில் நடந்ததை எழுதி, சதவீதத்தை மறுபடி போடுங்கள்.

கெடுவது இங்கேதான்: அனுப்பியதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது, தோழியிடம் "சரியா இருக்கா?" என்று கேட்பது. கணிப்பு பொய்த்தாலும், சரிபார்த்ததால்தான் தப்பித்தேன் என்று மனம் கணக்கெழுதிவிடும். 1978-இல் உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் சாதனைப் பெண்களிடம் கண்டு விவரித்த போலி உணர்வு, அதாவது தகுதியில்லாமலே மற்றவர்களை ஏமாற்றி மேலே வந்துவிட்டோம் என்ற எண்ணம், உயிரோடிருப்பது இப்படித்தான். வெற்றிக்கான காரணம் எப்போதும் வேறெங்கோ போய்விடும்.

முதல் சோதனைக்கே வேலையை விடுவது போன்ற பெரிய காரியம் வேண்டாம்.

உறவிலும் இதே முறை உதவும். ஆனால் வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே உங்கள் பயம் தவறான கணிப்பல்ல. இந்தியாவில் 181 பெண்கள் உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416.